அடாவடிக்காரி எழுதுவது

ஏழுமலைக்கு அம்மா எழுதுவது. நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. கரியாலூர் மலைக்காற்றும் வெள்ளையன் வீட்டுச் சாமைச்சோறும் உனக்கு ஒத்துக்கொண்டுதான் இருக்கும். நானும் நலம் என்று எழுதமாட்டேன். எனக்கு இருக்கிற கோபத்தில் அப்படி எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு, ஒட்டாமல் அனுப்புகிறேன். கொண்டுவருகிறவன் பஸ்ஸில் பிரித்து யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க இறங்குகிறவர்கள் கை மாற்றி வாங்கிப் படிக்கட்டும். உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற சங்கதியாக இருந்தால் நல்ல பசையாகத் தடவி ஒட்டியிருப்பேன். இதை நீ ஊர் சங்கதியாக ஆக்கிவிட்டாய். ஊர் படிக்கட்டும்.

நேற்று கடுக்காய் மூட்டையோடு தியாகதுருகம் சந்தைக்கு வந்த வெள்ளையன் நம் வாசலில் வந்து நின்றான். பாவம், போலீஸுக்குப் பயந்து மலையேறின உன்னை வீட்டில் வைத்துச் சோறு போடுகிற குற்றத்துக்கு உன் சேதியையும் சுமந்து வரவேண்டியிருக்கிறது அவனுக்கு. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான். "உங்க புள்ள ஒரு சேதி சொல்லியனுப்புச்சுங்க. வெள்ளிக்கெழம பஞ்சாயத்துல எல்லை பனமரம்தான்னு சொல்லச் சொல்லுச்சு. அப்டி சொல்ல வாய் வரலன்னா சும்மா குந்திக்கினு இருக்கச் சொல்லுச்சு" என்றான். "அவ்ளோதானா?" என்று கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான். "அடாவடி பண்ணாம இருக்கச் சொல்லுடா எங்கம்மாவன்னுச்சுங்க. நான் சொல்லலீங்க, அதுதான் சொல்லுச்சு" என்றான். சொம்பை வாங்கி உள்ளே வைத்தேன். கடுக்காய் விற்க வந்தவனிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது?

அடாவடி. நல்ல சொல்லாகப் பார்த்துத்தான் பொறுக்கி அனுப்பியிருக்கிறாய். எனக்கு அது புதுசும் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், முன்னால் பாதி, முதுகுக்குப் பின்னால் மீதி. அதனால் அதன் அர்த்தம் எனக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியவில்லை. நியாயம் எது என்று பேசாமல், பேச வருகிறவன் வாயை அடைத்து, நான் வைத்ததுதான் சட்டம் என்று வலுவைக் காட்டிக் காரியத்தை முடித்துக்கொள்வதற்குப் பேர் அடாவடி. அதற்கு அடிதடி வேண்டும் என்பதில்லை. உரத்த குரல் போதும். பின்னால் நாலு பேர் வந்து நின்றால் அந்தக் குரல்கூட வேண்டாம், தொண்டையைக் கனைத்தாலே போதும். இதுதான் அர்த்தம். ஆனால் நம் ஊரில் அந்தச் சொல் செய்தவன் மேல் போய் விழுவதில்லை. தடுத்தவள் மேல்தான் விழும்.

நீ இடுப்பில் இருந்த காலத்தில் நான் கத்தரிக்காய்க் கூடையோடு கள்ளக்குறிச்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் தியாகதுருகத்தில் பஸ் வந்து நிற்பதற்குள்ளேயே ஒருத்தன் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டான். நான் ஏறிப் போய், துண்டை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். அவன் வந்து குதித்தான். "துண்டு போட்டிருக்கறது கண்ணு தெரியல?" என்றான். "துண்டு டிக்கெட் எடுத்துச்சா?" என்று கேட்டேன். கண்டக்டர் வந்தான். வந்தவன் யாரைக் கேட்டான் என்று நினைக்கிறாய்? "இன்னாம்மா, காலங்காத்தால அடாவடி பண்ற?" என்று என்னைத்தான் கேட்டான். ஏறாத பஸ்ஸில் துண்டை எறிந்து இடம் பிடித்தவன் சாமர்த்தியசாலி. ஏறி உட்கார்ந்த நான் அடாவடிக்காரி. கள்ளக்குறிச்சி வரைக்கும் உன்னை மடியில் போட்டுக்கொண்டு நான் எழுந்திருக்கவே இல்லை.

உன் பெரியப்பா கதை உனக்கே தெரியும். கூட்டுக் கிணற்றில் நம் முறைத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போது, உங்கப்பா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, மடையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஒருநாள் நான் போய் மடைக்கு நடுவில் நின்றுகொண்டேன். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர், என்ன செய்வது என்று தெரியாமல் வரப்பில் நின்று கத்தினார். "ஆம்பள இல்லாத நேரத்துல இந்தப் பொம்பள பண்ற அடாவடியப் பாருங்கடா" என்று பக்கத்து வயல்காரர்களையெல்லாம் கூப்பிட்டார். அவர்களும் வந்து எனக்குத்தான் புத்தி சொன்னார்கள். அவருக்கு ஊரில் என்ன பேர் தெரியுமா? விவரமான ஆள். செத்தபோதுகூட அப்படித்தான் சொல்லி அழுதார்கள்.

உன் மேலும் அந்தச் சொல்லைப் போட்டார்கள், ஆனால் மாலையாகப் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை பம்பரத்தையாவது பிடுங்கிக்கொண்டு வருவாய். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர்கள், "பையன் அடாவடிப் பய, எங்க போனாலும் பொழச்சிக்குவான்" என்பார்கள். உங்கப்பாவும் சேர்ந்து சிரிப்பார். நான் சிரிக்கவில்லை. முதுகில் ஒன்று வைத்து, பம்பரத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். அந்த ஒன்று போதவில்லை போலிருக்கிறது. இந்த மாதிரிக் கடிதம் எழுதுகிற பெற்றவர்கள் கடைசியில் நான் உன்னைச் சரியாக வளர்க்கவில்லை, மன்னித்துக்கொள் என்று எழுதுவார்களாம். நான் எழுதமாட்டேன். நான் சரியாகத்தான் வளர்த்தேன். நீ வளர்ந்த பிறகு செய்ததற்கு நீதான் பொறுப்பு.

இப்போது ரோட்டு மறியலுக்கு வருகிறேன். நான் அதற்கு எதிரி என்று நீ யாரிடமும் சொல்ல முடியாது. படித்துவிட்டு, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, தபால்காரன் மணிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்த பிள்ளை நீ. நம் ஜனம் இவ்வளவு இருந்தும் படிப்பிலும் வேலையிலும் நமக்குப் பங்கு இல்லையே என்று நீங்களெல்லாம் ரோட்டில் போய் உட்கார்ந்தபோது, என் வயிறும்தான் எரிந்தது. அண்டாவில் கூழ் காய்ச்சி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு ஊற்றினவள் நான்தான். போலீஸ் வேன் வந்தபோது பயந்து ஓடாமல் அண்டா பக்கத்தில் நின்றவளும் நான்தான். அன்றைக்கு என் கூழைக் குடித்த யாரும் என்னை அடாவடிக்காரி என்று சொல்லவில்லை. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்தீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கே முகத்துக்கு நேராகச் சொன்னேன். "சும்மா கேட்டா எவன் திரும்பிப் பாக்கறான்?" என்றாய். நான் அண்டாவைக் கழுவப் போய்விட்டேன். அது வேறு.

ஆனால் நம் வயல் ஆலமரத்தை ஏன் வெட்டினாய்? ரோட்டுக்கு மரம் போதவில்லை என்றாய். ஊரில் எவன் வீட்டு மாடு கன்று போட்டாலும், பின்னால் விழுகிற நஞ்சுக்கொடியை வைக்கோலில் வைத்துச் சுற்றி, கோணிச்சாக்கில் கட்டி, அந்த மரத்துக் கிளையில்தான் கொண்டுபோய்த் தொங்கவிடுவார்கள். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் ஊறும், நாய் இழுத்துத் தின்றால் மடி வற்றும் என்று இங்கே பால் கறக்கிற எல்லா வீட்டிலும் நம்புகிறோம். மேலத்தெரு மூட்டையும் காலனி மூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின ஒரே இடம் நம் ஊரில் அதுதான். அதில் கத்தி வைக்கக் கூலிக்கு ஆள் கூப்பிட்டாலும் வரமாட்டான். நீ மறியல் என்று சொன்னாய், பையன்கள் கோடாலியோடு வந்துவிட்டார்கள். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தேன். ரோட்டுக்குப் போனது ரெண்டு கிளை. மரம் முழுக்க வயலிலேயே கிடந்தது. மறியலுக்கு வெட்டின மரம் ரோட்டில் இல்லாமல் வயலில் ஏன் கிடக்கிறது என்று கேட்டேன். நீ கோடாலியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விட்டாய். ரோட்டில் பஸ் ஓட ஆரம்பிப்பதற்குள்ளேயே வேரோடு கட்டையைத் தோண்டி எடுத்தாய், ஏர் பூட்டினாய். ஆலமரம் நின்ற இடத்தைத் தாண்டி, பக்கத்து நிலத்துக்காரி அஞ்சலையின் வாய்க்காலைத் தாண்டி, அந்தப் பக்கம் இருக்கிற ஒற்றைப் பனைமரம் வரைக்கும் உழுதுவிட்டு வந்து கை கழுவினாய். அன்றைக்குத்தான் மரத்தை ஏன் வெட்டினாய் என்று எனக்குப் புரிந்தது.

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான். அந்த நிலம் என் அப்பா எனக்குக் கொடுத்தது. என் பேரில் இருக்கிறது. என்னையும் என் அண்ணனையும் கூட்டிப்போய், மரத்துக்குக் கிழக்கே எனக்கு, மேற்கே அண்ணனுக்கு, மரம்தான் எல்லை, அது ரெண்டு பேருக்கும் பொது என்று கை நீட்டிக் காட்டினார். அண்ணன் தன் பங்கை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனபோது, அதில் வாய்க்கால் ஓரத்துத் துண்டை அஞ்சலையும் அவள் புருஷனும் வாங்கினார்கள். அஞ்சலை காலனிக்காரி, நம் வயலில் நாற்று நட்டுக் களை எடுத்து வளர்ந்தவள். ஊரான் வயலிலேயே முதுகு ஒடிந்த குடும்பத்துக்குத் தன்னுது என்று ஒரு துண்டு. ஆலமரத்துக்கும் பனைமரத்துக்கும் நடுவில் ஓடுகிற அந்த வாய்க்கால் வழியாகத்தான் அவள் நிலத்துக்குத் தண்ணீர் போகவேண்டும். அதை நீ உழுதுவிட்டால் மீதி நிலத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள், ஆடு மேய்ப்பாளா? சர்வேயர் வந்து அளக்கிறதற்குள் நடவுப் பருவமே போய்விடும். அதனால்தான் வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து. அதனால்தான் நிலத்துக்காரி வாயில் என்ன வருகிறது என்று உனக்கு மலைமேல் உட்கார்ந்துகொண்டு அவ்வளவு கவலை.

நீ உழுத அன்றைக்கு அஞ்சலை ஓடி வந்து வரப்பில் நின்றாள். "சின்னவரே, இது அடுக்குமா? மரம் எங்க நின்னுச்சுன்னு ஊருக்கே தெரியுமே" என்றாள். "எந்த மரம்?" என்று கேட்டாய் நீ. வெட்டினது நீ, கேட்டதும் நீ. நான் நடுவில் வந்து ஏரை நிறுத்தச் சொன்னதும் என்னைத் தனியாக இழுத்துப்போய், "யம்மா, நாலு பேரு எங்கூட நிக்கறாங்க. அவகூட எவன் நிக்கறான், சொல்லு?" என்றாய். நினைவிருக்கிறதா? அந்த வாரம் காலனியில் ஒருத்தரும் சத்தமாக இருமக்கூட இல்லை. ரோடு முழுக்க நம் ஆட்கள், கையில் கோடாலி. வாய் திறந்தால் வேறு மாதிரி ஆகிவிடும் என்று அவர்கள் பயந்து கிடந்தார்கள். அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வாரத்தைப் பொறுக்கி எடுத்தாய். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் என்பார்கள். நீ நம் ஜனம் மொத்தமும் தன் நியாயத்துக்காக எடுத்த தடியை வாங்கிக்கொண்டு போய் ஒரு கூலிக்காரியின் வாய்க்காலை அடித்தாய். உன்கூட ரோட்டில் உட்கார்ந்த மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் நீ கெட்ட பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறாய். அந்தப் பிள்ளைகள் இதைப் படித்தால் நல்லது.

பெரிய இடத்தில் இருக்கிறவனிடம் உன் பங்கைக் கேட்கப் போனாய். சரி, போ என்று கூழ் ஊற்றி அனுப்பினேன். திரும்பி வருகிற வழியில், உனக்குக் கீழே இருக்கிறவள் பங்கை வாரிச் சுருட்டிக்கொண்டு வந்து நிற்கிறாய். இதற்குத்தான்டா பேர் அடாவடி. எனக்குச் சொல்லியனுப்பினாயே, அது அல்ல.

உனக்கு ஒரு சேதி. நம் செவலை முந்தாநாள் கன்று போட்டது. கிடேரிக்கன்று. நஞ்சு விழுந்ததும் உன் பெண்டாட்டி செல்வி வழக்கம்போல வைக்கோலில் சுற்றிக் கட்டி, தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனாள். போனவளைக் காணோமே என்று நான் பின்னால் போனேன். மரம் நின்ற இடத்தில் மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். சுற்றி ரெண்டு நாய். "எங்க கட்டறது, அத்த?" என்று என்னைக் கேட்கிறாள். கேட்கும்போதே அழுகிறாள். பழக்க தோஷத்தில் போய்விட்டாள் பாவம், பத்தினியாக இருந்து என்ன செய்ய, கட்டிக்கொண்டவன் இப்படி.

அந்தப் பக்கம் குனிந்து உழவில் மூடிப்போன வாய்க்காலைக் கையால் தோண்டிக்கொண்டிருந்த அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "குடும்மா. எங்க தெருவாண்ட அத்திமரம் ஒன்னு இருக்குது. அதுவும் பால் மரந்தான்" என்றாள். செல்வி கொடுக்கத் தயங்கினாள். அஞ்சலைக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாத்துக்கு முழிக்கற? மரத்த வெட்னவன் மாட்டுக்கு மரம் தேடணும்னு என் தலையில எழுதியிருக்குது. மாடு இன்னா பண்ணுச்சு, குடு" என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள். நாய்கள் அவள் பின்னாலேயே போயின. கல்லெடுத்து விரட்டிக்கொண்டே போனாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நீ அங்கே இருந்திருந்தால் உனக்கு அப்படி இருந்திருக்குமா என்று யோசித்தேன். இருந்திருக்காது என்றுதான் தோன்றியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளையன் சொன்னான், மலையில் உன்னை யாரும் யார், எவர் என்று கேட்கவில்லையாம். போலீஸ் தேடுகிறது, பாவம், பசிக்கும் என்று சோறு போடுகிறார்களாம். அவன் வீட்டுக் காட்டில் எங்கே எல்லை இருக்கிறது என்று பார்த்து வைத்திருக்கிறாயா? இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற ஆள் நீ என்று அவனுக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை அவனும் படிக்கச் சொல்லிக் கேட்கட்டும். புளியமரம் வெட்டின கேஸுக்கு நீ ஜெயிலுக்குப் போனால் நான் வாரம் தவறாமல் சோறு கட்டிக்கொண்டு வந்து பார்ப்பேன், அது ஊர்க்காரியம். ஆலமரத்துக்கு என்னிடம் சோறு கிடையாது.

வெள்ளிக்கிழமை நாட்டாமைக்காரர் எல்லை எது என்று கேட்பார். நான் பேச்சை நீட்டப்போவதில்லை. மரம் நின்ற இடம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும், அங்கே போய் நிற்பேன். எல்லை நான் நிற்கிற இடம் என்பேன். கூட்டத்தில் எவனாவது, அடாவடிக் கிழவி பெத்த பிள்ளையையே காட்டிக் கொடுக்கிறாள் பார் என்பான். சொல்லட்டும். பஸ்ஸில் கேட்டேன், மடையில் கேட்டேன், இப்போது பிள்ளை வாயிலிருந்தும் கேட்டுவிட்டேன், அந்தச் சொல்லில் என்னைக் குத்த இனிமேல் முள் இல்லை. அவள்கூட எவன் நிற்கிறான் என்று கேட்டாயே, நான் நிற்கிறேன். உனக்கு முடிந்தால் மலையிலிருந்து இறங்கி வந்து, ஊர் பார்க்க என்னை அந்த இடத்திலிருந்து நகர்த்து. நகர்த்தினால் நிலம் உனக்கு. அம்மா கிடையாது.

செல்வி சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சிக் கட்டியாக்கி வைத்திருந்தாள். உனக்கு அது என்றால் உயிர், தூக்குவாளியில் போட்டு வெள்ளையனிடம் கொடுத்தனுப்பலாமா என்று கேட்டாள். சின்ன வயசிலிருந்து எந்த மாடு கன்று போட்டாலும் முதல் பங்கு உனக்குத்தான் எடுத்து வைப்பேன். இந்தத் தடவை உன் பங்கைத் தூக்கோடு எடுத்துக்கொண்டு நானே நடந்துபோய் அஞ்சலை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். இதை வேண்டுமானால் அடாவடி என்று சொல்லிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா